கட்டியை இழுத்தெடுக்கும் கருவிகள்: மூளைக்கு ஒன்று, காலுக்கு ஒன்று

(இலங்கையின் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தவர்கள் தத்தம் ஊர்ப்பெயரில் எழுதிய இழை)

படுவான்கரை | 04.02.2024, இரவு 9.10

மூளை நாடியில், அதாவது மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயில், இரத்தக்கட்டி அடைத்தால் தொடை வழியாகக் கம்பிவலை ஒன்றை விட்டு இழுத்தெடுத்துவிடுகிறார்களாம். அப்படியென்றால் பாரிசவாதம் அடித்தவரை இங்கே பெரியாஸ்பத்திரியில் மறித்து வைக்காமல் நேரே கொழும்புக்கு ஏற்றுவதுதானே சரி? கரைக்கும் ஊசி பழைய வைத்தியம். கால் நாடி அடைத்தாலும் அதே முறைதான். எல்லாம் ஒரே குழாய், ஒரே கட்டி. பிழையென்றால் திருத்துங்கள்.

எழுவான்கரை | 04.02.2024, இரவு 10.40

இரண்டும் பிழை. முதலாவது மூளையைக் கெடுக்கும், இரண்டாவது காலைக் கெடுக்கும்.

வாய் கோணுவதும் கை விழுவதும் அடைப்பாலும் வரும், இரத்தக்கசிவாலும் வரும். ஆளைப் பார்த்து எவராலும் பிரித்துச் சொல்ல ஏலாது. சீ.ரீ. ஸ்கான் எடுத்தால்தான் தெரியும். ஸ்கான் இல்லாமல் ஏற்றினால், உள்ளே என்ன நடக்கிறதென்றே தெரியாத ஒருவரை 300 கிலோமீற்றருக்கு மேல் கொண்டு போகிறீர்கள்.

கசிவு இல்லையென்று தெரிந்தால், அறிகுறி தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் அல்டெப்ளேஸ் என்ற கரைக்கும் ஊசி. கிலோவுக்கு 0.9 மில்லிகிராம், உச்சம் 90. மொத்தத்தில் பத்தில் ஒன்றை ஒரு நிமிடத்தில் நாளத்தில் (இதயத்துக்கு இரத்தம் திரும்பும் குழாயில்) ஏற்றி, மிச்சத்தை 60 நிமிடத்தில் பம்பில் விடுவது. 60 கிலோ ஆளுக்கு மொத்தம் 54, முதலில் 5.4, பிறகு 48.6. ஏற்றுமுன் இரத்த அழுத்தம் 185/110 இற்குக் கீழே வந்திருக்க வேண்டும். ஏற்றியபின் 24 மணித்தியாலத்துக்கு 180/105 இற்குக் கீழே வைத்திருக்க வேண்டும். அந்த 24 மணித்தியாலமும் அஸ்பிரின் இல்லை.

கம்பிவலை இந்த ஊசிக்கு மாற்று என்று எண்ண வேண்டாம். 2015 இல் நெதர்லாந்தில் இருந்து வந்த எம்.ஆர். கிளீன் ஆய்வுதான் இந்த வைத்தியத்தை நிலைநிறுத்தியது. 500 நோயாளிகள். 90 நாள் கழித்துத் தன் அலுவலைத் தானே பார்க்கும் நிலையில் இருந்தவர்கள், நாடி வழியான வைத்தியம் சேர்ந்த பக்கத்தில் 32.6 சதவீதம், சேராத பக்கத்தில் 19.1. அந்த 500 பேரில் ஏறத்தாழ 90 சதவீதத்தினருக்கு ஊசி முதலே போட்டாயிற்று. ஊசி போட்டு, அதற்கு மேலேதான் வலை.

வலை எட்டுவதும் பெரிய நாடிகளை மட்டும்: கழுத்து உள்நாடியின் மேல்முனை, நடு மூளை நாடியின் தண்டு, முதுகுப்பக்க அடி நாடி போன்றவை. நீரிழிவும் பிறஷரும் சேர்ந்து அடைக்கும் மெல்லிய கிளைகளுக்கு வலையும் இல்லை, குழாயும் இல்லை. அவர்களுக்கு ஊசிதான்.

கால் வேறு கதை. ஆறு மணித்தியாலத்துக்கு மேல் ஆகிவிட்டால் மூளைக்கு எதுவுமில்லை, காலுக்கும் கிட்டத்தட்ட அதே கணக்கு. விரிவாக நாளைக்கு.

எழுவான்கரை | 05.02.2024, மாலை 6.25

காலுக்கு வருகிறேன். இந்த இழையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான், நேற்று இரண்டு வரியில் விட்டது போதாது.

கால் நாடியைத் திடீரென்று அடைக்கும் கட்டி பல வேளைகளில் அங்கே பிறந்ததல்ல, இதயத்தில் பிறந்து வந்தது. இதயத்தின் மேலறையான இடது சோணையறை ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருந்தால் இரத்தம் மூலையில் தேங்கி உறையும். சிறுவயதில் மூட்டுவாதக் காய்ச்சல் வந்து, அந்த அறையின் வாயிலான மைட்ரல் வால்வு சுருங்கியவர்களிடம் இது இன்னும் கூட. அந்தக் கட்டி ஒருநாள் கழன்று பெருநாடியில் இறங்குகிறது. வட்டை வாய்க்காலில் வரும் சருகு கிளை பிரியும் மதகடியில் போய்த் தேங்குமே, அதுபோல நாடி இரண்டாகப் பிரிகிற இடத்தில் நிற்கிறது. கவட்டில் தொடை நாடி பிரியும் இடம் முதலாவது, முழங்காலுக்குக் கீழே பிரியும் இடம் அடுத்தது.

அடையாளம்: சட்டென்று வலி, கால் வெளிறல், குளிர்ச்சி, பாதத்தில் துடிப்பு இல்லை, மரத்துப்போதல், விரலை அசைக்க ஏலாமை. முடிவைத் தீர்மானிப்பவை கடைசி இரண்டும். விரல்நுனி மட்டும் மரத்து, அசைவு முழுதாக இருந்தால் கொஞ்சம் நேரம் உண்டு. மரப்பு மேலேறி அசைவும் குறையத் தொடங்கினால் உடனே சத்திரசிகிச்சைத் தியேட்டர். முற்றாக மரத்து, முற்றாக விறைத்து, இரத்த ஓட்டத்தைக் கேட்கும் டொப்ளர் கருவியில் நாடியும் இல்லை, நாளமும் இல்லையென்றால் அந்தக் காலுக்குள் இரத்தத்தைத் திருப்பி விடுவதே ஆளைக் கொல்லக்கூடும்.

தசை ஆறு மணித்தியாலத்தில் சாகத் தொடங்கும். களுவாஞ்சிக்குடியில் கால் குளிர்ந்த ஒருவரைக் கொழும்புக்கு அனுப்பினால் அந்த ஆறும் ரோட்டிலேயே போய்விடும். அனுப்பத்தான் வேண்டுமா? வேண்டியதில்லை. காலுக்கு வேண்டிய கருவி, 1963 இல் அமெரிக்காவில் தோமஸ் போகார்ட்டி எழுதி வெளியிட்ட பலூன் கதீற்றர், அதாவது நுனியில் பலூன் உள்ள மெல்லிய குழாய். சத்திரசிகிச்சைக் கையுறையின் விரல்நுனியை வெட்டி, சிறுநீர்க்குழாய்க் கதீற்றர் ஒன்றின் முனையில், தூண்டிலுக்குப் பொய்யீ கட்டும் முடிச்சால் கட்டினார். இன்றுவரை அடிப்படை அதுதான். அதற்கு, நாடிக்குள் சாயம் விட்டுப் படமெடுக்கும் அஞ்சியோ கூடம் வேண்டியதில்லை. முழு மயக்கமும் வேண்டியதில்லை, கவட்டில் விறைப்பு மருந்தான லிக்னொகெயின் போட்டே செய்யலாம். பொதுச் சத்திரசிகிச்சை வைத்தியர் ஒருவரும் ஒரு தியேட்டரும் இருந்தால் போதும். அம்பாறையிலோ மட்டக்களப்பிலோ கால் போகிறதென்றால், கேட்க வேண்டிய முதல் கேள்வி “போகார்ட்டி கதீற்றர் கையில் இருக்கிறதா, இன்றிரவு தியேட்டர் இருக்கிறதா” என்பதுதான். “கொழும்பில் கட்டில் இருக்கிறதா” என்பது அதற்குப் பிறகு.

முதலில் பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே, இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பரின் 5000 அலகு நாளத்தில் போக வேண்டும், வேறு தடை இல்லையென்றால். இடமாற்றக் கடிதம் எழுதி முடியட்டும் என்று காத்திருப்பது பிழை. கட்டிக்குக் கீழே நின்றுபோன இரத்தம் நிமிடத்துக்கு நிமிடம் உறைந்துகொண்டு போகும். அந்த வால் நீளமானால் பலூன் எட்டாத சிறு நாடிகளும் அடைபட்டுவிடும்.

சம்மாந்துறை | 05.02.2024, இரவு 8.02

தியேட்டர் பக்கத்தில் இருந்து அளவுகள்.

கதீற்றரின் தடிப்பை பிரெஞ்ச் என்ற அளவில் சொல்வார்கள், 3 பிரெஞ்ச் என்றால் 1 மில்லிமீற்றர் குறுக்களவு. பலூனை நிரப்பும் அளவு: 3 பிரெஞ்சுக்கு 0.2 மில்லிலீற்றர், 4 இற்கு 0.75, 5 இற்கு 1.5. பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணை ஒருவர் சத்தமாக வாசித்தபிறகே சிரிஞ்சை நிரப்ப வேண்டும். 3 பிரெஞ்சுக்கு 1 மில்லிலீற்றர் சிரிஞ்ச்தான். 5 மில்லிலீற்றர் சிரிஞ்சைக் கொடுத்தால் ஒரு சிறு அழுத்தத்தில் பலூன் நாடியைக் கிழித்துவிடும்.

மேலே இடுப்பு நாடிக்கு 5, கீழே தொடை நாடிக்கு 4 அல்லது 3, ஆழ்தொடை நாடிக்கு 3, முழங்காலுக்குக் கீழே 3 அல்லது 2. நிரப்புவது சேலைன். உள்ளே விடுமுன் வெளியே ஒருமுறை நிரப்பிப் பலூன் சமச்சீராக உருள்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் புடைத்தால் எறிந்துவிட வேண்டும். லேற்றெக்ஸ் பலூன் எங்கள் ஊர் வெக்கையில் பிசுபிசுத்துப் போகும். அலுமாரியின் மேல்தட்டில் யன்னல் வெயில் படும்படி வைக்காதீர்கள்.

நாடியின் உள்ளே கழுவுவதற்கு 500 மில்லிலீற்றர் சேலைனில் 5000 அலகு ஹெப்பரின். காலை முழுதாகத் துடைத்து, பாதத்தை மூடாமல் தெளிந்த பொலித்தீன் பையில் இட்டு வெளியே தெரிய வைக்க வேண்டும். கடைசியில் நிறம் திரும்புகிறதா என்று பார்க்கப் பாதம்தான் சாட்சி. கீழிருந்து திரும்பி வரும் பின்னிரத்தம் நன்றாகப் பாய்ந்தால் கட்டி முழுதாக வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

எழுவான்கரை | 06.02.2024, காலை 5.50

சம்மாந்துறை எழுதிய கடைசி வரியைத் தவிர எல்லாவற்றையும் அச்சடித்துத் தியேட்டரில் ஒட்டலாம். பின்னிரத்தம் ஏமாற்றும். கட்டிக்கு மேலே பக்கக் கிளை ஒன்று திறந்திருந்தால் அதனூடாகவும் இரத்தம் பாயும், கீழே அடைப்பு அப்படியே இருக்கும். இழுத்து முடிந்ததும் மேசையிலேயே சாயம் விட்டு ஒரு படம் எடுப்பதுதான் சரி. மேசையிலேயே எக்ஸ்ரே எடுக்கும் சீ-ஆர்ம் இல்லாத இடத்தில் கையில் பிடிக்கும் டொப்ளரைக் கணுக்காலில் வைத்துக் கேட்க வேண்டும்.

இழுக்கும் முறையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். முழுக் கருவியின் வெற்றியும் விரலில் இருக்கிறது.

தொடை நாடியையும் இரண்டு கிளைகளையும் தனித்தனி வளையத்தால் கட்டுப்படுத்திய பிறகு, பிரியும் இடத்துக்குச் சற்று மேலே குறுக்கே ஒரு வெட்டு. நாடி நல்லதாக இருந்தால் குறுக்கு வெட்டு, தைக்கும்போது குறுகாது. சுவர் தடித்துச் சுண்ணாம்பு படிந்திருந்தால் நீள வெட்டுப் போட்டு ஒட்டுப் போட வேண்டும். கதீற்றரை நிரப்பாத பலூனுடன் கட்டியைத் தாண்டி உள்ளே விடுவது. தடை வந்தால் தள்ளக்கூடாது. சற்றே பின்வாங்கி, உருட்டி, முழங்காலை மடித்துப் பார்க்க வேண்டும். தள்ளினால் சுவருக்குள் பொய்வழி திறந்துவிடும்.

தாண்டிய பிறகு, நிரப்புகிறவரும் இழுக்கிறவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டும். வலக்கையில் சிரிஞ்ச், இடக்கையில் கதீற்றர். உதவியாளரிடம் சிரிஞ்சைக் கொடுத்துவிட்டு “நிரப்பு” என்று சொல்வது பிழையின் தொடக்கம். பலூன் சுவரைத் தொட்டதும் விரலுக்கு ஓர் இலேசான உரசல் தெரியும். அந்த உரசல் மாறாமல் மெதுவாக இழுத்து வர வேண்டும். நாடி மேலே அகலும், கீழே ஒடுங்கும். ஆகவே மேல்நோக்கி வரும்போது ஒரு துளி கூட்டி, ஒடுங்கிய இடத்தில் ஒரு துளி விட்டுக் கொடுத்துக்கொண்டே வர வேண்டும். இறுக்கமாக இழுத்தால் உட்சுவரின் தோல் வாழைநார்போல் உரிந்து வரும். உரிந்த இடத்தில் அன்றிரவே புதிதாய்க் கட்டி உறையும்.

வெளியே வருவது கறுத்த சிவப்பில், நாடியின் உள்வடிவத்தை அச்செடுத்ததுபோல் நீண்ட புழு. முனை நுணுங்கி, ஒழுங்காகத் தேய்ந்து வந்திருந்தால் நல்லது. சட்டென்று முறிந்த முனையென்றால் மிச்சம் உள்ளே இருக்கிறது. வெறுங்கையாக ஒருமுறை வரும்வரை திருப்பித் திருப்பி விட வேண்டும். எடுத்த கட்டியைக் குப்பையில் போடாமல் நோயியல் கூடத்துக்கு அனுப்புங்கள். அரிதாக அது கட்டியாக இராமல் சோணையறையில் வளர்ந்த மிக்சோமா என்ற கழலையின் துண்டாக இருக்கும்.

படுவான்கரை | 06.02.2024, மதியம் 1.15

விளங்குகிறது. காலுக்குக் கொழும்பு என்றது பிழை, ஒத்துக்கொள்கிறேன். மூளைக்கும் இந்தப் பலூனையே விடலாமே? வலை எதற்கு? பம்பு வைத்து உறிஞ்சுவதும் உண்டாமே, பலமான பம்பென்றால் எல்லாம் வந்துவிடாதா?

வாழைச்சேனை | 06.02.2024, இரவு 9.30

மூளை நாடிக்குத் தசை மெல்லிசு, வெளியே தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லை. தலைக்குள் கிழிந்தால் அமர்த்திப் பிடிக்கவும் வழியில்லை. நடு மூளை நாடியின் தண்டு இரண்டரை, மூன்று மில்லிமீற்றர்தான். அங்கே சுவரைத் தேய்க்கும் பலூன் ஆகாது. 2004 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் கருவி, மெர்சி, தக்கை திருகிபோல் சுருண்ட கம்பி. கட்டி வழுக்கிக் கழன்றது. பிறகு சொலிற்றெயார் வந்தது. அதன் கதை வேறு: அது முதலில் நாடிப் புடைப்பின் வாயை மறிக்கும் ஸ்டென்றாகச் செய்யப்பட்டது. முழுதாக விரித்த பிறகும் மீள உள்ளே இழுக்கலாம் என்ற குணம்தான் அதைக் கட்டி பிடிக்கும் வலையாக்கியது. 2012 இல் அமெரிக்க அனுமதி.

செய்யும் முறை இது. தொடை நாடியில் 8 பிரெஞ்ச் உறை. அதனூடே, நுனியில் பலூன் உள்ள வழிகாட்டிக் கதீற்றர் கழுத்து நாடிவரை. அதனூடே 0.014 அங்குலக் கம்பியும் 0.021 அங்குல உள்விட்டமுள்ள நுண்கதீற்றரும் கட்டியைத் தாண்டிப் போகும். கம்பியை எடுத்துவிட்டு வலையை நுண்கதீற்றருக்குள் தள்ளி, வலையை அசையாமல் பிடித்துக்கொண்டு கதீற்றரை மட்டும் பின்னே இழுத்தால் வலை தானாக விரியும். வலையை முன்னே தள்ளி விரிக்கக்கூடாது, நுனி நாடியைக் குத்தும். வழக்கமான அளவு 4 மில்லிமீற்றர் அகலம், 20 மில்லிமீற்றர் நீளம், நிற்றினோல் கம்பி. உடற்சூட்டில் தன் வடிவத்துக்குத் திரும்பும் உலோகம் அது. மூன்று முதல் ஐந்து நிமிடம் விட்டு வைத்தால் வலைக்கண்களுக்குள் கட்டி புதையும். பிறகு கழுத்தில் பலூனை நிரப்பி இதயத்தில் இருந்து வரும் ஓட்டத்தை நிறுத்தி, 60 மில்லிலீற்றர் சிரிஞ்சால் உறிஞ்சிக்கொண்டே வலையை இழுக்க வேண்டும். ஓட்டத்தை நிறுத்தாமல் இழுத்தால் உடைந்த துண்டு வேறு கிளைக்குப் போய் அங்கே புதிய பாரிசவாதம்.

பம்பின் பலம் பற்றி. எந்தப் பம்பாலும் ஒரு வளிமண்டலத்துக்கு மேல் உறிஞ்ச முடியாது. நல்ல பம்பும் நல்ல 60 மில்லிலீற்றர் சிரிஞ்சும் ஏறத்தாழ ஒரே வெற்றிடத்தைத்தான் தருகின்றன. வித்தியாசம் கதீற்றரின் வாயில் இருக்கிறது. உள்விட்டம் 0.054 அங்குலமென்றால் கட்டியைப் பிடிக்கும் விசை ஏறத்தாழ 14 கிராம் எடைக்குச் சமம். 0.070 அங்குலமென்றால் 24 கிராம். விட்டம் மூன்றில் ஒரு பங்குகூடக் கூடவில்லை, பிடி ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கூடுகிறது. பரப்பு விட்டத்தின் வர்க்கமாக வளர்வதால். ஆகவே நாடி கொள்ளும் அளவுக்குப் பெரிய வாயைக் கட்டியின் முகம்வரை கொண்டுபோய் ஒட்ட வைப்பதுதான் வித்தை. ஒட்டியதும் குழாயில் இரத்த ஓட்டம் நின்றுவிடும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் நீங்கள் உறிஞ்சுவது வெறும் இரத்தம். நின்றால் இரண்டு நிமிடம் பொறுத்து மெதுவாக இழுக்கலாம்.

எந்தக் கட்டி எதற்கு வரும் என்பதும் உண்டு. சிவப்பணு கூடிய புதுக் கட்டி மெத்தென்று இருக்கும், வலைக்கண்ணில் நன்றாகப் புதையும். ஸ்கானில் அந்த நாடி வெள்ளைக் கோடாகத் தெரிந்தால் பெரும்பாலும் இந்த வகை. உறைநாரான பைபிரின் கூடிய வெள்ளைக் கட்டி ரப்பர் மாதிரி, வலை அதன்மேல் சறுக்கும். இரண்டு மூன்று தடவைக்குப் பிறகும் வராத கட்டியை மேலும் மேலும் இழுப்பதில் பயன் குறைகிறது, கசியும் ஆபத்து ஏறுகிறது.

எழுவான்கரை | 07.02.2024, காலை 6.10

முதல் நாள் எழுதிய ஒரு வரியைத் திருத்த வேண்டும். “ஆறு மணித்தியாலத்துக்கு மேல் ஆகிவிட்டால் மூளைக்கு எதுவுமில்லை” என்றேன். அது பழைய கணக்கு. 2018 இல் வெளிவந்த டோன் ஆய்வு 6 முதல் 24 மணித்தியாலம்வரை, டிபியூஸ் 3 ஆய்வு 6 முதல் 16 மணித்தியாலம்வரை ஆன நோயாளிகளை எடுத்து வலை போட்டது. இரண்டிலும் தெளிவான பயன். நிபந்தனை ஒன்று: செத்த பகுதி சிறிதாகவும், இரத்தம் குறைந்தும் இன்னும் சாகாத பகுதி பெரிதாகவும் இருப்பதைப் படத்திலோ, படத்தை ஆளின் பலவீனத்தோடு ஒப்பிட்டோ காட்ட வேண்டும்.

இந்தத் திருத்தம் எங்கள் பக்கத்துக்கு மிகவும் பெரியது. ஊசி போட்டு, கழுத்து நாடியும் மூளை நாடியும் தெரியும்படி சாயம் விட்ட ஸ்கானும் எடுத்து, பெரிய நாடி அடைபட்டிருப்பது உறுதியானால், வலை போடும் இடத்தோடு தொலைபேசியில் பேசி அனுப்புவதற்கு இடம் இருக்கிறது. ரோட்டில் ஏழு மணித்தியாலம் போனாலும் கதவு மூடிவிடவில்லை. ஆனால் வழியில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 இலட்சம் நரம்புக்கலங்கள் சாகின்றன என்பது பெரிய நாடி அடைப்புக்கு 2006 இல் போட்ட கணக்கு. 24 மணித்தியாலம் இருக்கிறதே என்று ஆறுதலாக வெளிக்கிடும் வேலை இல்லை.

படுவான்கரை முதலில் கேட்டதில் பாதி சரி என்று இப்போது சொல்கிறேன். கொழும்பு சரி, ஸ்கானும் ஊசியும் முடிந்த பிறகு.

சம்மாந்துறை | 07.02.2024, காலை 7.45

பின்னிரத்தம் பற்றி எழுதியது என் பிழை, எடுத்துவிடுங்கள். இன்னொன்று சேர்க்கிறேன். நாடியை மறித்த கிளிப்பை விடுமுன் மயக்க மருந்து வைத்தியருக்குச் சொல்ல வேண்டும். செத்த தசையில் இருந்து பொற்றாசியமும் அமிலமும் ஒரே அடியாக இதயத்துக்கு வரும். ஈ.சி.ஜி. திரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாக விட வேண்டும். மறுநாள் சிறுநீர் பிளேன்ரீ நிறத்தில் போனால் தசைப்புரதம் சிறுநீரகத்தில் இறங்குகிறது என்று அர்த்தம்; சேலைனைக் கூட்ட வேண்டும்.

கெண்டைக்கால் கல்லுப்போல் இறுகினால், பாதத்தை மேலே மடித்துவிடும்போது அலறினால், தாமதிக்காமல் நான்கு தசை அறைகளையும் இரண்டு வெட்டில் திறந்துவிட வேண்டும். துடிப்பு இருக்கிறதே என்று விடக்கூடாது. துடிப்பு கடைசியில்தான் போகும்.

பொத்துவில் | 07.02.2024, இரவு 8.20

எழுவான்கரைக் காக்கா, இங்கே கால் குளிர்ந்தால் சனம் முதலில் செய்வது எண்ணெய் சூடாக்கித் தேய்ப்பதும் சுடுதண்ணிப் போத்தல் வைப்பதும். மட்டக்களப்புக்கு இங்கிருந்து நூறு கிலோமீற்றருக்கு மேல். வீட்டிலே என்ன செய்யச் சொல்லலாம்?

எழுவான்கரை | 07.02.2024, இரவு 8.55

சூடு வேண்டாம், தேய்ப்பு வேண்டாம். மரத்த தோலுக்குச் சூடு தெரியாது, வெந்த பிறகுதான் தெரியும். சூடு காலின் ஒட்சிசன் தேவையைக் கூட்டும், வரத்து இல்லை. காலை உயர்த்தவும் வேண்டாம். கட்டில் மட்டத்துக்குச் சற்றுக் கீழே விட்டு, பஞ்சோ துணியோ தளர்வாகச் சுற்றி, குதிக்காலின் கீழே மெத்தென்று ஏதாவது வைத்து 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள். காசு இல்லை. வலி தொடங்கிய நேரத்தை ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள்.

பாரிசவாதத்துக்கு வாயில் தண்ணியும் ஊற்ற வேண்டாம், மாத்திரையும் வேண்டாம். நெஞ்சுவலிக்கு அஸ்பிரின் சப்பக் கொடுப்பார்கள், அதைப் பார்த்துச் சிலர் வாய் கோணினாலும் கொடுக்கிறார்கள். ஸ்கான் எடுக்கும்வரை கசிவா அடைப்பா என்று தெரியாது. கசிவென்றால் அஸ்பிரின் அதைக் கூட்டும்.

வாழைச்சேனை | 08.02.2024, இரவு 10.05

நெஞ்சுவலி என்றதால் இதயத்தையும் சொல்லிவிடுகிறேன். இதய நாடியிலும் கட்டி உறிஞ்சும் கதீற்றர் உண்டு: 6 பிரெஞ்ச் வழிகாட்டி, 0.014 அங்குலக் கம்பி, பூட்டு உள்ள 30 மில்லிலீற்றர் சிரிஞ்ச். ஒரு காலத்தில் எல்லா மாரடைப்புக்கும் செய்தார்கள். 2013 இல் டேஸ்ட், 2015 இல் டோட்டல் என்று இரண்டு பெரிய ஆய்வுகள் வந்தன. எல்லாருக்கும் செய்வதால் உயிர் மிச்சமாகவில்லை. டோட்டலில் பாரிசவாதம் சற்றுக் கூடியது. வெளியே எடுக்கும்போது உறிஞ்சலை நிறுத்திவிட்டால் நுனியில் இருக்கும் துண்டு பெருநாடியில் விழுந்து தலைக்கு ஏறும் என்பது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. இப்போது கட்டி மிகக் கூடியிருக்கும் சிலருக்கு மட்டும். ஒரே உத்தி மூளையில் வென்று இதயத்தில் வெல்லாமல் போனது. குழாய் ஒன்றுதானே என்று படுவான்கரை கேட்டதற்கு இதைவிட நல்ல மறுமொழி என்னிடம் இல்லை.

எழுவான்கரை | 09.02.2024, காலை 6.30

இதயமும் மூளையும் சேர்ந்து வரும்போது இன்னோர் ஆபத்து. கட்டி கரைக்கும் டெனெக்டெப்ளேஸ் ஊசியை இரண்டுக்கும் பாவிக்கிறார்கள், ஒரே மருந்து, அளவு வேறு. பாரிசவாதத்துக்குக் கிலோவுக்கு 0.25 மில்லிகிராம், உச்சம் 25. 60 கிலோ ஆளுக்கு 15. மாரடைப்புக்கு அதே ஆளுக்கு 35. மாரடைப்புக்கான குப்பியோடு வரும் சிரிஞ்சில் குறித்திருப்பது மாரடைப்பின் எடைக்கணக்கு. அதைப் பார்த்துப் பாரிசவாதக்காரருக்கு ஏற்றினால் இரண்டு மடங்குக்கு மேல் போய், தலைக்குள் கசிவு. நோயாளியின் டிக்கெட்டில் மருந்தின் பெயரோடு நோயின் பெயரையும் மில்லிகிராமையும் எழுதி, இன்னொருவர் வாசித்துச் சரிபார்த்த பிறகு ஏற்ற வேண்டும்.

எழுவான்கரை | 09.02.2024, மாலை 5.15

அம்பாறைப் பக்கம் தெகியத்தகண்டிய போன்ற இடங்களில் சிறுநீரக நோய் கூட. ஆகவே டயலிசிஸ் கையைப் பற்றியும் ஒரு குறிப்பு. அதே போகார்ட்டி பலூன் அங்கேயும் வேலை செய்யும்.

கையில் நாடியையும் நாளத்தையும் இணைத்த இடத்தில் விரலை வைத்தால் பூனை உறுமுவதுபோல் ஓர் அதிர்வு இருக்கும். காலையும் மாலையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதிர்வு இல்லையென்றால் அடுத்த டயலிசிஸ் நாள்வரை பொறுக்காமல் அன்றே வர வேண்டும். முதல் இரண்டு நாளுக்குள் எடுத்தால் மீட்கும் வாய்ப்பு நன்று. பிறகு கட்டி சுவரோடு ஒட்டிவிடும். தியேட்டருக்கு ஏற்றுமுன் பொற்றாசியம் பார்க்க வேண்டும். கூடியிருந்தால் கழுத்தில் தற்காலிகக் குழாய் போட்டு டயலிசிஸ் முடித்த பிறகுதான் கை.

இழுத்தெடுப்பது பாதி வேலை. அந்தக் கை அடைத்ததற்கு எங்கோ ஓர் ஒடுக்கம் காரணம், பெரும்பாலும் நாளப்பக்கத்தில். அதைப் படம் பார்த்து, அழுத்தப் பலூனால் விரிக்காமல் விட்டால் அதே வாரத்தில் திரும்ப அடைக்கும். அந்தக் கையில் பிறஷர் பார்ப்பதும், அதில் தலைவைத்துப் படுப்பதும் வேண்டாம்.

படுவான்கரை | 10.02.2024, இரவு 9.00

கடைசிக் கேள்வி. கட்டியை எடுத்தாயிற்று, கால் பிழைத்தது. வீட்டுக்கு வந்த பிறகு?

எழுவான்கரை | 10.02.2024, இரவு 10.20

கட்டியை அனுப்பிய இதயம் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. எடுத்த அன்றே ஹெப்பரின் தொடர்ந்து, உறைவைத் தடுக்கும் மாத்திரையான வார்பரினுக்கு மாற்றி, இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். 2 இற்கும் 3 இற்கும் இடையில் நிற்கும்வரை இரண்டும் சேர்ந்து போக வேண்டும். ஈ.சி.ஜி.யும் எக்கோவும் எடுத்து, வால்வா சோணையறையா என்று கண்டுபிடிக்காமல் வீட்டுக்கு விடுவது அரை வைத்தியம். மைட்ரல் வால்வு நன்றாகச் சுருங்கியவர்களுக்கும் உலோக வால்வு போட்டவர்களுக்கும் வார்பரின்தான். உறைவைத் தடுக்கும் புது மாத்திரைகள் அவர்களுக்குச் சரிவராது.

விதைப்புக் காலத்தில் கிளினிக் தவறுவது படுவான்கரையில் வழக்கம். ஓடம் ஏறி வர ஒரு நாள் போகும் என்பதும் தெரியும். மற்றக் கிளினிக்குகளை ஒரு கிழமை தள்ளினாலும் ஐ.என்.ஆர். நாளைத் தள்ள வேண்டாம். பல் பிடுங்கவோ நோவுக்கு ஊசி போடவோ எங்கே போனாலும் வார்பரின் குடிப்பதை முதலில் சொல்ல வேண்டும், கிளினிக் கொப்பியையும் காட்ட வேண்டும். நோவுக்குப் போடும் டைக்குளோபினாக் மாத்திரையைக் கடையில் வாங்கிப் போட வேண்டாம். கீரை சாப்பிடலாம், ஆனால் ஒரு கிழமை முழுதும் முருங்கைக்கீரை, அடுத்த கிழமை ஒன்றுமில்லை என்றால் ஐ.என்.ஆர். ஆடும்.

இன்னொரு நாள் வாய் கோணினால், ஆஸ்பத்திரியில் முதலில் சொல்ல வேண்டியது இரண்டு: கடைசியாக ஆள் சுகமாக இருந்ததைக் கண்ட நேரம், வார்பரினின் கடைசி ஐ.என்.ஆர். விடியற்காலை எழும்பும்போதே கோணியிருந்தால், எழும்பிய நேரத்தைச் சொல்லக்கூடாது. படுக்கைக்குப் போன நேரம். ஐ.என்.ஆர். 1.7 இற்கு மேலென்றால் அல்டெப்ளேஸ் போட மாட்டார்கள். அந்த நோயாளிக்குத்தான் வலை முதலாவதாக வரும்.

சம்மாந்துறை | 11.02.2024, காலை 6.40

இரவு இரண்டு மணிக்குச் சிறுநீர் கழிக்க எழும்பி நடந்ததை மனைவி கண்டிருந்தால்?

எழுவான்கரை | 11.02.2024, காலை 6.52

அப்போது இரண்டு மணி. நேராக நடந்தாரா, பேசினாரா என்று கேட்டு, கடிதத்தில் அதை எழுத வேண்டும்.